நாற்பதாவது மாடியில் நாலு வரி

அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பள்ளிச் சான்றிதழில் இருந்தது, சம்பளச் சீட்டில் இருந்தது. ஆனால் வீட்டில், வேலையிடத்தில், ஏன், காலையில் பால் போடுகிறவர்கூட அவளைக் கூப்பிடுவது பம்பரம் என்றுதான். காரணம் கேட்கவே வேண்டாம். ஐந்து நிமிஷம் அவளோடு ஒரே அறையில் இருந்து பாருங்கள், தெரிந்துவிடும். உட்கார மாட்டாள். உட்கார்ந்தாலும் பஸ் வந்துவிடும் என்பதைப் போல நாற்காலி நுனியில்தான். நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே பல் தேய்ப்பாள், போன் வந்தால் பேசி முடிப்பதற்குள் வீட்டுக்குள்ளேயே அரைக் கிலோமீட்டர் போய் வந்துவிடுவாள். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் பேச வந்தவர்களையும் அப்படித்தான் நடந்துகொண்டே அனுப்பிவைத்தாள்.

பிழைப்புக்குப் பொய்ப்பல் செய்கிற பட்டறையில் வேலை. பல் டாக்டர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் பல் வரிசை பிடித்து, வார்த்து, அரத்தால் ராவி, மெருகு போட்டுக் கொடுக்க வேண்டும். நின்றபடி செய்கிற வேலை என்பதால் அவளுக்கு ஒத்துப்போனது. "இவளுக்குக் கால்தான் ஆடும், கை ஆடாது" என்று முதலாளியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். உண்மைதான். கடுகளவு மேட்டைக்கூட ராவி எடுத்துவிடும் கை அது.

அந்தக் கை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேறொரு வேலை பார்த்தது. வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மன்னிக்கவும், நின்று, பழைய டிவி கேம் பெட்டிக்குப் புதிய விளையாட்டுகள் செய்தது. இவளும் அக்காவும் சின்ன வயதில் கேசட் செருகி ஆடினார்களே, அதே பெட்டிக்குத்தான். அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியே மறந்து தலைமுழுகிவிட்டது. ஆனால் அதை இன்னும் துடைத்து வைத்துக்கொண்டு, புது கேசட் வராதா என்று ஏங்குகிற கிறுக்குக் கூட்டம் ஒன்று ஊர் ஊராக இருக்கிறது. அவர்களுக்காக இரண்டு வருஷத்துக்கு ஒரு விளையாட்டு. இருநூற்று நாற்பது கேசட், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. இணையத்தில் இறக்கிக்கொள்கிற வசதி கிடையவே கிடையாது.

"ஏம்மா, ஒரு பட்டனைத் தட்டினா உலகம் பூரா போயிடும். எதுக்கு இந்த அட்டைப்பெட்டி, ஸ்டாம்பு, பிசின்?" என்று அத்தான் ஒருமுறை கேட்டார். அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர், பஸ் டிப்போவில் வண்டி போகிற வருகிற நேரம் குறிப்பவர்.

"கையில பிடிக்க முடியாததை நான் விக்க மாட்டேன் அத்தான். போன்ல வர்ற கேமைப் பாருங்க, இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு வேற ஒண்ணு. தப்பு பண்ணிட்டு அப்டேட்டு, மறுபடி தப்பு, மறுபடி அப்டேட்டு. என்னுது அப்படியில்ல. சிப்புல ஒரு தடவைதான் எழுத முடியும். வித்தது வித்ததுதான். திருத்த முடியாதுங்கிறதுதான் இதோட அழகே."

இப்படிப் பேசிய வாய்க்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பம்பரம் தனியாகச் செய்யவில்லை. கணக்கும் கட்டளையும் எழுதுவது இவள், படம் வரைவது அக்கா. அக்கா ஸ்வெட்டர் பின்னுகிற கம்பெனியில் கட்டம் போட்ட தாளில் பூவும் மானும் வரைகிற வேலையில் இருந்தாள். எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று அவள் குறித்துக் கொடுப்பதை மெஷின் பின்னும். கேசட் விளையாட்டின் படமும் அதே கதைதான், பதினாறுக்குப் பதினாறு கட்டம், நாலே நிறம். அதற்குள் ஒரு ஆளை நிற்க வைத்து, நடக்க வைத்து, சலித்துக்கொள்ளவும் வைத்துவிடுவாள் அக்கா. தங்கைக்கு நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான், வெள்ளமே வந்தாலும் கட்டத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

மூன்றாவதாக அவர்கள் செய்த விளையாட்டின் பெயர் 'லிஃப்ட்டுக்காரன்'. நாற்பது மாடிக் கட்டடம், ஒரே ஒரு லிஃப்ட், ஓட்டுகிறவன் ஒருவன். மாடிக்கு மாடி யாராவது ஏறுவார்கள், ஏதாவது வம்பு செய்வார்கள், கரண்ட் போகும், கயிறு இழுக்கும். எல்லாவற்றையும் சமாளித்து நாற்பதாவது மாடிக்குப் போக வேண்டும். ஒரு மாடி முடிந்தால் எட்டு எழுத்துக் குறிச்சொல் ஒன்று திரையில் வரும். அதை எழுதி வைத்துக்கொண்டால் மறுநாள் அங்கிருந்து தொடரலாம்.

இருபத்திரண்டாவது மாடியில்தான் சண்டை வந்தது. ஆட்டத்தில் இல்லை, வீட்டில். அந்த மாடியின் படத்தை மூன்றாவது முறையாக மாற்றச் சொன்னாள் பம்பரம். நாள் முழுக்கக் கட்டம் பார்த்துக் கண் எரிய வந்திருந்த அக்கா பென்சிலை மேஜையில் வைத்தாள். எறியக்கூட இல்லை, வைத்தாள்.

"நீ என்ன மனுஷியா மெஷினாடி? என்னால முடியல. நீயே வரைஞ்சுக்கோ."

"போ. போயேன். பாதியில போறது உனக்குப் புதுசா என்ன?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பிறகு இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

'புதுசா என்ன' என்பது எதைக் குத்துகிறது என்று இருவருக்கும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பதினோரு நாள் அக்காவும் தங்கையும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று அக்கா வீட்டுக்குப் போனாள். மூன்றரைக்கு அம்மா போய்விட்டாள். கடைசி நேரத்தில் பம்பரம்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அக்கா அந்த நேரத்தில் அலமாரி முன்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்பதும் தெரிந்த சங்கதி. யாரும் குறை சொல்லவில்லை. பம்பரமும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, அந்தச் சண்டை வரைக்கும்.

அன்றைக்கு அக்கா போன பிறகு பின்னறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். ஆத்திரம் அடங்கவில்லை. விளையாட்டின் முடிவில் வருகிற வாசகத்தை அவள் எப்போதும் கடைசியில்தான் எழுதுவாள். அதுவரை அந்த இடத்தில் வாயில் வந்ததை அடித்து வைத்திருப்பாள், 'அப்புறம் பார்க்கலாம்' என்றோ 'பசிக்குது' என்றோ. அன்றைக்கு அந்த இடத்தில் நாலு வரி அடித்தாள்.

நாற்பதாவது மாடி வந்துவிட்டது.
இங்கே யாரும் இல்லை.
அக்கா அம்மாவைப் பாதியில் விட்டுப் போனாள்.
என்னையும் பாதியில் விட்டுப் போனாள்.

அடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தானாகவே வந்தாள். கையில் கட்டம் போட்ட நோட்டு. இருபத்திரண்டு முதல் நாற்பது வரை எல்லா மாடியும் வரைந்திருந்தாள். "வேலைக்கு நடுவுல வரைஞ்சது. பிடிக்கலைன்னா கிழிச்சுப் போடு" என்றாள். பிடிக்காமலா? பம்பரம் நோட்டை வாங்கிக்கொண்டு அறையை மூன்று முறை சுற்றி வந்தாள், அதுதான் அவள் கண்ணீரை மறைக்கிற விதம். அன்றே முடிவு வாசகத்தையும் மாற்றினாள். 'கூட வந்ததற்கு நன்றி. கதவு திறந்துதான் இருக்கிறது' என்று எழுதினாள். அக்காவுக்காகத்தான் எழுதினாள்.

பிறகு சிப்பில் எழுதி, கேசட்டில் மூடி, ஒவ்வொன்றையும் பெட்டியில் செருகிச் சோதித்தார்கள். படம் வருகிறதா, முதல் மாடிக் கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல் அம்பையும் தொடக்கப் பொத்தானையும் சேர்த்து அமுக்குவாள் பம்பரம். நேராக முடிவுக்குக் கூட்டிப்போகிற குறுக்கு வழி அது, அவள் தனக்காக வைத்துக்கொண்டது. நன்றி வாசகம் வரும். சரி, அடுத்தது. இப்படி இருநூற்று நாற்பதும். முதல் எண் போட்ட கேசட் எப்போதும் அக்காவுக்கு. அதன் லேபிளை அக்காவே ஒட்டினாள், கொஞ்சம் கோணலாக. மற்றதெல்லாம் தபாலில் போய்ச் சேர்ந்தன.

முதல் பத்து நாள் அக்கா ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கணுக்கால் பிசகி வீட்டில் லீவில் இருந்தாள். "ஆரம்பிச்சிருக்கேன்" என்றதோடு சரி. அப்புறம் என்ன தோன்றியதோ, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள்.

"இன்னைக்குப் பதினொண்ணுடி."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நீ எப்படி இருக்க?"

அவ்வளவுதான், வைத்துவிடுவாள். மறுநாள் பன்னிரண்டு, அதற்கு மறுநாள் பதின்மூன்று. இப்படித் தினம் போன் செய்கிற ரகமே இல்லை அக்கா. வயசாகிறது, பாசம் கூடுகிறது என்று பம்பரம் நினைத்துக்கொண்டாள்.

அக்கா இருபத்தாறு சொன்ன அன்றைக்குத்தான் கப்பல் சமையல்காரரின் கடிதம் வந்தது. முதல் விளையாட்டிலிருந்து வாங்குகிறவர், சரக்குக் கப்பலில் சமைக்கிறவர். கரை தட்டும்போதெல்லாம் மெயில் போடுவார். இந்தத் தடவை இப்படி எழுதியிருந்தார்: 'அம்மா, லிஃப்ட்டுக்காரனை முடித்துவிட்டேன். முப்பத்தேழாவது மாடியில் என் உயிரையே வாங்கிவிட்டீர்கள். முடிவு எதிர்பார்க்கவே இல்லை. இரண்டு நாள் மனசு சரியில்லை. உங்கள் தாயாருக்கு என் அஞ்சலி. ஒன்று மட்டும் கேட்கலாமா, அந்த அக்கா திரும்பி வந்தார்களா?'

பம்பரம் பட்டறையில் நின்றுகொண்டு இதைப் படித்தாள். கையில் யாரோ ஒரு பெரியவரின் கீழ்ப்பல் செட்டு. கால் ஆடும், கை ஆடாது என்ற பேரெல்லாம் அன்றோடு போயிற்று. செட்டு நழுவி விழுந்து இரண்டாக உடைந்தது. "தலைவலி" என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

எழுதியதைத் திறந்து பார்த்தாள். பார்த்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. முடிவுக்கு இரண்டு வாசல் வைத்திருந்தாள். குறுக்கு வழியில் வருகிறவருக்கு ஒன்று, மாடி மாடியாக ஏறி வருகிறவருக்கு ஒன்று. அவசரத்தில் குறுக்கு வழி வாசலில் மட்டும் வாசகத்தை மாற்றியிருக்கிறாள். அடுத்த வாசலில் அந்த நாலு வரி அப்படியே இருக்கிறது. இருநூற்று நாற்பது தடவை சோதித்தாளே? இருநூற்று நாற்பது தடவையும் குறுக்கு வழியில்தான் போனாள். நாற்பது மாடியையும் ஒழுங்காக உட்கார்ந்து ஏறிப் பார்க்கிற பொறுமை அவளுக்கு ஏது? தான் கட்டிய கட்டடத்தில் தானே பதினோராம் மாடிக்கு மேல் போனதில்லை.

திருத்த முடியாது, அதுதான் அழகு. நன்றாக இருந்தது அழகு!

மற்றவர்கள் படித்தால் படித்துத் தொலையட்டும். அக்கா? குறுக்கு வழியில் போகிற ஆளா அவள்? ஒரு மாடியை விடாமல் ஏறி, குறிச்சொல்லை நோட்டில் எழுதி, தேதி போட்டு வைக்கிறவள். ஒரு நாளைக்கு ஒரு மாடி. இன்றைக்கு இருபத்தாறு. இன்னும் பதினாலே நாள். பதினாலாம் நாள் சாயங்காலம், தன் கையால் லேபிள் ஒட்டிய கேசட்டைப் போட்டு, தான் வரைந்த நாற்பதாவது மாடிக் கதவு திறப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போது அந்த வரி வரும். இரண்டு மாதப் பேச்சு விட்டதற்கே வீடு வெறிச்சென்று போயிருந்தது. இதற்கப்புறம் அக்கா என்று ஒருத்தி இவளுக்கு மிஞ்சுவாளா?

அன்று முதல் பம்பரம் நிஜமாகவே சுழன்றாள். திருத்திய சிப்பு ஒன்று தயார் செய்ய ஒரு நாள் போயிற்று. கேசட்டைத் திறக்கிற சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

"உன் கேசட்டை ஒரு நாள் குடுக்கா. சிலதுல சூடு ஏறுதாம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்னுது சூடாகல."

"இல்ல, பாத்துட்டுத் தந்துடறேன்."

"முடிச்சுட்டுத் தரேன்டி. என்ன அவசரம்?"

அவ்வளவுதான். அக்கா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பம்பரம் டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்துவிட்டாள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போன். "இருபத்தெட்டு."

இரண்டு நாள் கழித்துக் கேம் பெட்டியையே சரிபார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு போனாள். அத்தான் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூன்றாவது மாடி தாண்ட வரவில்லை, அந்தக் கடுப்பு.

"ஏம்மா பம்பரம், அந்த மூணாவது மாடிக் குண்டம்மா ஏறினாலே லிஃப்ட்டு கீழ போயிடுது. நான் என்ன தப்பு பண்றேன்?"

"அவங்களை நடுவுல நிக்க வையுங்க அத்தான்."

"நிக்க மாட்டேங்கறாளே! சரி, கடைசியில என்னதான் வருது? அதையாவது சொல்லேன். உங்க அக்காகிட்ட கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"அவ இன்னும் முடிக்கலையே அத்தான், எப்படிச் சொல்லுவா?" என்றாள் பம்பரம். கண் கேசட் இருக்கிற அலமாரியிலேயே இருந்தது. அத்தான் அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் நகரவில்லை மனிதர். டிப்போவில் எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்பது வரை கேட்டுவிட்டு வந்ததுதான் மிச்சம்.

இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. பட்டறையில் மேல்வரிசைக்குக் கீழ்வரிசைப் பல்லை வைத்துத் திட்டு வாங்கினாள். சாப்பாடு இறங்கவில்லை. ஏழு மணி ஆனால் போனைப் பார்க்கவே பயமாக இருந்தது. அக்காவின் குரல் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான். "முப்பத்திரண்டுடி. நீ எப்படி இருக்க? ஏதாவது சொல்லணுமா?" என்பாள். "ஒண்ணுமில்லக்கா" என்பாள் இவள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வரும். எதைச் சொல்வது? எழுதவில்லை என்றா? மனசில் இல்லாததா கைக்கு வந்தது? அந்தக் கேள்வி வருமே.

முப்பத்தைந்து சொன்னதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குப் போய் நின்றாள். அத்தான் கடைக்குப் போயிருந்தார். அக்கா துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். கணுக்கால் இன்னும் முழுசாகத் தேறவில்லை, ஏறி இறங்கப் பத்து நிமிஷமாவது ஆகும். இதுதான் சமயம்.

அலமாரியைத் திறந்தாள். கோணல் லேபிள் கேசட். அதன் அடியில் அக்காவின் கட்ட நோட்டு. அவசரமாகத் திருகியதில் ஸ்க்ரூ ஒன்று கழன்று நோட்டின் மேல் உருண்டது. எடுக்கப் போனவளுக்கு நோட்டின் திறந்த பக்கம் கண்ணில் பட்டது. எட்டெட்டு எழுத்தாகக் குறிச்சொல் வரிசை, பக்கத்தில் மாடி எண். முப்பத்தைந்து இருந்தது. முப்பத்தாறும் இருந்தது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. கடைசியில் 'நாற்பது, முடிந்தது' என்று எழுதித் தேதி போட்டிருந்தாள்.

இருபத்தாறு நாளுக்கு முந்தைய தேதி. கணுக்கால் பிசகி லீவில் இருந்தாளே, அந்தப் பத்தாவது நாள். மறுநாள்தான் முதல் போன் வந்தது, 'இன்னைக்குப் பதினொண்ணுடி' என்று.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக நின்ற இடத்தில் நின்றாள்.

"கிடைச்சுதா?" என்றாள் அக்கா. வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஈரத்துணி வாளி கையிலேயே இருந்தது.

"அக்கா..."

"உக்காரு."

"அக்கா, அது கோவத்துல... அதை மாத்திட்டேன்க்கா, சத்தியமா மாத்தினேன். குறுக்கு வழியில மட்டும்..."

"தெரியும். குறுக்கு வழியிலயும் போய்ப் பார்த்தேன். அது நல்லா எழுதியிருந்த." அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "முதல்ல நீ வேணும்னே போட்டேன்னுதான் நினைச்சேன். எனக்கு ஒண்ணாம் நம்பரைக் கையில குடுத்துட்டு, ஊருக்கெல்லாம் அனுப்பி வச்சிருக்கேன்னு. அன்னைக்கு நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

"அப்புறம் ஏன் தினம் போன் பண்ணின?"

"நீயே சொல்லுவேன்னுதான். நாப்பது வரைக்கும் டைம் குடுத்தேன். நீ சூடாகுது, பொட்டி ரிப்பேருன்னு பையில ஸ்க்ரூடிரைவரை வச்சிக்கிட்டு வந்து நின்ன பாரு, அப்பத்தான் தெரியாம தப்பா வந்திருக்குன்னு புரிஞ்சுது. அன்னைக்குத்தான்டி நிம்மதியா தூங்கினேன்."

பம்பரம் பையிலிருந்த சிப்பை எடுத்து நீட்டினாள். "இதைப் போட்டுடறேன். உன்னுதுல மட்டுமாவது."

"வித்தது வித்ததுதான்னு சொல்லுவியே. இருக்கட்டும்." அக்கா கேசட்டை வாங்கி, ஸ்க்ரூவை முடுக்கி, பெட்டியில் செருகி, டிவியைப் போட்டாள். ஜாய்ஸ்டிக்கைத் தங்கை மடியில் வைத்தாள். "நீ ஏறு."

"எங்க?"

"ஒண்ணுல இருந்து நாப்பது வரைக்கும். நீ எழுதினதை நீ ஒரு தடவை ஏறி வந்து படி."

"என்னால உக்கார முடியாதுக்கா."

"நான் பக்கத்துலயே இருக்கேன்."

ஏறினாள். நாலாவது மாடியில் எழுந்தாள், அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஒன்பதில் தண்ணீர் குடிக்க எழுந்தாள், அக்காவே கொண்டுவந்து கொடுத்தாள். பதினொன்றுக்கு மேல் எல்லாமே அவளுக்குப் புதுசு. பத்தொன்பதில் ஒரு கிழவர் குடையை விரித்து மற்றவர்களைக் குத்தினார், இருவரும் சிரித்துவிட்டார்கள். இருபத்திரண்டு வந்ததும் சிரிப்பு நின்றது. படம் அழகாக இருந்தது. மூன்று தடவை மாற்றச் சொன்னாளே, அதில் எதுவும் இல்லை, அக்கா நாலாவதாகத் தானே வரைந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு மாடியிலும் மூலையில் ஒரு சின்ன நாற்காலி போட்டிருந்தாள் அக்கா, காலியாக. கட்டம் கட்டமாக ஏற்றியபோது கவனிக்காதவள், எல்லா மாடியிலும் அது இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள். அத்தான் கடையிலிருந்து வந்து, ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடித்து, சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

முப்பத்தேழில் அவளுக்கும் உயிர் போயிற்று. சாயங்காலம் நாலரை மணி போல நாற்பதாவது மாடிக் கதவு திறந்தது. நாலு வரியும் ஒவ்வொன்றாக வந்தன. இடம் பெயராமல் எல்லாவற்றையும் படித்தாள்.

ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தாள்.

"நானும் அங்க இல்லக்கா" என்றாள்.

அக்கா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"நீ போனதும் என்னால அந்த ரூம்ல உக்கார முடியல. அம்மா மூச்சு விடற சத்தம்... கீழ போயிட்டேன். வண்டி நிறுத்தற இடத்தை நாலு தடவை சுத்தினேன். திரும்பி வந்தப்போ முடிஞ்சு போச்சு. நான் கையைப் பிடிக்கலக்கா. யாருமே பிடிக்கல."

"தெரியும்டி" என்றாள் அக்கா. "நர்ஸ் அன்னைக்கே சொல்லிட்டா."

"அன்னைக்கேவா? அப்ப ஏன்க்கா என்னைக் கேக்கல? எல்லார்கிட்டயும் நான் சொன்னப்ப பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான இருந்த?"

அக்கா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "நீ பிடிச்சிட்டிருந்தேன்னு சொன்ன. அம்மாவுக்கு அப்படி நடந்திருந்தா நல்லாத்தான இருக்கும்னு தோணிச்சு. அதான் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பம்பரம் வாய்விட்டு அழுதாள். அறையைச் சுற்றி வராமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். அக்கா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அத்தான் ஈரக்கையோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா? கடைசியில என்ன வருது?"

அக்கா எட்டி டிவியை அணைத்தாள்.

"கதவு திறக்குது. அவ்வளவுதான்."

"இவ்வளவு நேரம் ஏறினதுக்கு அவ்வளவுதானா?" என்று அத்தான் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். பம்பரம் எழுந்திருக்கவில்லை.